ஓர்ஸ்ஹில் பின்வளவில் இரவு விருந்தாளிகள்

திருகோணமலைக்குப் போகின்றவர்கள் கோணேசர் கோயிலைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்து, நிலாவெளிக் கடலில் கால் நனைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். நானும் அப்படிப் பல தடவை போய் வந்தவள்தான். இந்த முறை மூன்று நாட்கள் தங்கியும் கோயிலடிப் பக்கம் போகவில்லை. ஓர்ஸ்ஹில்லில் எனது பெரியம்மாவின் மகள், என் அக்கா, இருக்கிறார். அவருடைய வீட்டுப் பின்வளவிலேயே மூன்று இரவுகளும் கழிந்துவிட்டன. அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. விட்டில் பூச்சிகள்!

மட்டக்களப்பிலிருந்து கரையோர வீதியால் போகும் பஸ்ஸில் ஏறினேன். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று போகும் இந்த வீதியில் முன்னர் ஒவ்வோர் ஆற்றடியிலும் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். பாதை மறுகரையில் நின்றால் அரை நாள் போய்விடும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இப்போது ஆறுகளைப் பஸ்ஸில் இருந்தபடியே கடந்துவிடுகிறோம். 2006ஆம் ஆண்டு மூதூரிலிருந்தும் பின்னர் வாகரையிலிருந்தும் எமது சனங்கள் கைக்குழந்தைகளையும் சாமான் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு அலைந்த இடங்கள் இவை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் வெருகல் தாண்டும்வரை யன்னல் பக்கம் திரும்பவே இல்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை. சீனக்குடா வந்த பிறகுதான் "தங்கச்சி எவடம்?" என்று வாய் திறந்தார்.

ஓர்ஸ்ஹில் பெயருக்கு ஏற்ற மேட்டு நிலம். ஒரு பக்கம் உள்துறைமுகம், மறு பக்கம் நகரம். விவேகானந்தா கல்லூரி இருப்பதும் இங்கேதான். மேட்டு வீடுகளில் நின்று பார்த்தால் மரங்களுக்கு இடையால் துறைமுகத் தண்ணீர் தட்டு வைத்தது போலத் தெரியும். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான். அந்தப் பெருமைக்கு இங்குள்ளவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டது இந்தத் துறைமுகத்துக்காகத்தான். எமது யுத்த காலத்திலும் துறைமுகத்தைப் பார்த்த மேடு என்பதால், இரவில் வெளியே வெளிச்சம் போடுவதும் கமரா தூக்குவதும் இங்கே விளையாட்டு விடயமாக இருக்கவில்லை. ஆறு மணிக்குப் படலையைச் சாத்தினால் விடியத்தான் திறப்பது.

அக்கா விஞ்ஞான ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தான் 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. அதன் பிறகு அக்காவுக்கு இரவு நித்திரை என்பது இல்லாமல் போய்விட்டது. வீதியில் வாகனம் வந்தால் எழும்பி இருப்பார். நாய் குரைத்தால் எழும்பி இருப்பார். எங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பூச்சி பார்க்கும் வேலையை அக்கா தானாகத் தொடங்கவில்லை. தொடங்கியது அவரோடு வளரும் எனது பெறாமகள், மற்ற அக்காவின் மகள். 2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பல்கலைக்கழகம் மூடி அவள் வீட்டுக்கு வந்தாள். செய்ய வேலை இல்லை. குசினி வாசல் பல்ப்பைச் சுற்றிப் பறந்தவற்றைக் கைத்தொலைபேசியால் படம் பிடிக்கத் தொடங்கினாள். ஒரு கிழமையில் படங்கள் நிறைந்துவிட்டன. ஒன்றைப் போல ஒன்று இல்லை. அக்கா பழைய சி.ஆர். கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து கோடு போட்டுக் கொடுத்தார்: திகதி, நேரம், மழையா வெயிலா, நிலவு எப்படி, எந்தச் செடி. ஆசிரியைக்குக் கை சும்மா இருக்காதே!

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஊரடங்கு நாட்களில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த ஆராய்ச்சியாளர்கள் சிலரும் இதையே செய்திருக்கிறார்கள். வீடும் வளவும் சேர்ந்து 400 சதுர மீற்றர். எங்கள் கணக்கில் ஏறக்குறைய 16 பேர்ச். அதற்குள் 1,150 வகை உயிர்களை எண்ணினார்கள். அதில் 400க்கு மேற்பட்டவை விட்டில்களும் வண்ணத்துப்பூச்சிகளும். இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் ஜெனிபர் ஓவன் என்ற பெண்மணி இதற்கு முன்பே, 1972 முதல் 2001 வரை முப்பது வருடம், தன் வீட்டுத் தோட்டத்தை மட்டும் பார்த்துப் பார்த்து 2,673 வகைகளை எழுதி வைத்தார். இடையில் நரம்பு நோய் வந்து நடக்க முடியாமல் போனது. சக்கர நாற்காலியில் இருந்தபடி எண்ணினார். காடு மேடு ஏற முடியாத ஒருவருக்கு வளவே போதுமாக இருந்திருக்கிறது.

முதல் இரவு. அமாவாசைக்கு முந்திய நாள். பெறாமகள் கிணற்றடிக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே உடுப்புக் காயப் போடும் கொடியில் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். கீழ் நுனியை நிலத்தில் விரித்து நாலு கல் வைத்தாள். முன்னால் ஒரு பல்ப். அவ்வளவுதான் ஆயத்தம். நிலவு வெளிச்சம் இல்லாத, காற்று இல்லாத, கொஞ்சம் புழுக்கமான இரவுதான் நல்லதாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது சீலைதான் பறக்கும், பூச்சி வராது. மாரி மழை ஒன்று பெய்து விட்ட இரவுகளில் இடம் போதாது.

ஏழு மணிக்கு ஈசல் போலச் சின்னஞ்சிறியவை வந்தன. எட்டு மணிக்குப் பெரியவை. பெறாமகள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடிமட்டத்தைப் பிடித்து நேராக மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாள். பக்கவாட்டுப் படத்தில்தான் முகம், கொம்பு, கால் எல்லாம் தெரியும். "சின்னம்மா, மூச்சை விடாதீங்கோ" என்பாள். நான் அசையாமல் நிற்பேன். பிளேன்ரீ ஆறிக்கொண்டிருக்கும். பத்து மணிக்குள் 27 வகை எண்ணிவிட்டோம்.

அவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்தது. சின்னப் பிள்ளைக்குத் தைத்த சட்டைத் துணி மாதிரி இருந்தது. கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்கிலும் வளர்வது. அந்தச் செடிகளின் கசப்பை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பல்லியும் சிலந்தியும் தொடாதாம். மற்றது பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து பளிங்குக் கல்லை அறுத்து வைத்தது போல ஒன்று. "இதின்ர புழுவை நீ காலையில பார்" என்றார் அக்கா. விடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நந்தியாவட்டை இலைக்குக் கீழே என் சுண்டு விரல் பருமனில் பச்சைப் புழு. தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு நீலக் கண்கள்! அவை உண்மைக் கண்கள் அல்ல, பறவைகளை வெருட்டுவதற்கான பொட்டுகள். அலரியிலும் இது வளரும். பூசைக்குப் பூப் பறிக்கும்போது எத்தனையோ தடவை "சீ" என்று தட்டிவிட்டிருப்போம்.

இரண்டாம் இரவு பெறாமகள் ஒரு வித்தை காட்டினாள். சீலையில் பூச்சிகள் நிறைய இருந்த நேரம் அலுமாரித் திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து பக்கத்தில் குலுக்கினாள். சில பூச்சிகள் பொத்தென்று விழுந்தன. சில சுழன்று ஓடின. மிச்சம் அசையவே இல்லை. அவள் விளக்கம் சொன்னாள். வெளவால் இரவில் எங்கள் காதுக்குக் கேட்காத சத்தம் எழுப்பி, அதன் எதிரொலியை வைத்து இரை பிடிக்கும். பல விட்டில்களுக்கு உடம்பில் மிகச் சிறிய காது உண்டு. அந்தக் காதுக்கு வெளவாலின் சத்தம் கேட்கும். திறப்புகள் ஒன்றோடொன்று உரசும்போதும் அதே மாதிரிச் சத்தம் வரும். அதனால்தான் விழுகின்றன. காது இல்லாதவை பேசாமல் இருக்கின்றன.

அக்கா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கெலி வருது, எந்தப் பக்கத்தால வருது எண்டு எங்களுக்கு முதலே தெரியுமே. அந்தக் காதுதான்" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பெறாமகள் திறப்புக் கோர்வையைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

விட்டில் விளக்கில் விழுந்து சாவதைச் சொல்லித்தான் எமக்குப் புத்தி சொல்லி வளர்த்தார்கள். ஆசைக்கு உவமை, அறியாமைக்கு உவமை, கெட்டுப் போகும் பெண் பிள்ளைக்குக்கூட உவமை. 2024ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அந்தப் பழியைக் கழுவிவிட்டது. வேகமாகப் படம் பிடிக்கும் கமராக்களால் பார்த்தபோது, பூச்சிகள் வெளிச்சத்தை நோக்கி ஓடவில்லை என்று தெரிந்தது. இரவில் வானம் நிலத்தைவிட வெளிச்சமானது. எனவே வெளிச்சம் இருக்கும் பக்கமே மேல் பக்கம் என்று எண்ணி, முதுகை அதற்குக் காட்டியபடி பறப்பது அவற்றின் இயல்பு. கோடிக்கணக்கான வருடங்களாக அது சரியாகவே இருந்தது. இடையில் நாங்கள் பல்ப்பை மாட்டிவிட்டோம். முதுகைப் பல்ப்புக்குத் திருப்பப் பார்த்துப் பார்த்து, அதைச் சுற்றிச் சுற்றியே மாட்டிக்கொள்கின்றன. ஆசையுமில்லை, அறியாமையுமில்லை. இனி யாராவது அந்த உவமையைச் சொல்ல வந்தால் நான் சும்மா இருக்கப் போவதில்லை.

இதனால்தான் பெறாமகள் பத்து, பத்தரைக்கு மேல் பல்ப்பை எரியவிடுவதில்லை. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் சீலையை மெதுவாக உதறி மடிப்பாள். விடியும்வரை விட்டால் பல்லிக்கும் காகத்துக்கும் விருந்தாகிவிடும். வயல்காரர் விளக்குப் பொறி வைத்துக் கீழே மண்ணெண்ணெய் ஊற்றிய தண்ணீர்ச் சட்டி வைப்பது வேறு கதை. அது நெல் தண்டு துளைக்கும் மஞ்சள் விட்டிலைப் பிடிப்பதற்கு. எண்ணுவதற்குக் கொல்லத் தேவையில்லை.

போன வருடம் நடந்த ஒன்றை அக்கா சொன்னார். இரவு ஒன்பது மணியிருக்கும். கேற்றில் தட்டிய சத்தம். சாதாரண உடுப்பில் இரண்டு ஆண்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், இந்த வீட்டுப் பின்வளவில் இரவில் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சம் போட்டுப் படம் எடுக்கிறார்கள் என்று. "எனக்குக் கால் ரெண்டும் நடுங்கத் தொடங்கிற்று. தொண்ணூறாம் ஆண்டுதான் வந்து நிண்டது" என்றார் அக்கா. பெறாமகள் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டு, தானே கொப்பியைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். பக்கம் பக்கமாகத் திகதி, நேரம், செடி. அவர்கள் நம்பவில்லை. பிறகு சீலையடிக்கே கூட்டிக்கொண்டு போனார். இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். வயதில் இளையவர் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, அம்மாவின் முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி கூட்டமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். "பந்தம் பிடிச்சு மரத்தை எரிக்க வேண்டாம். பகலில அடிமரத்தில கூடிக் கிடக்கேக்க சவர்க்காரத் தண்ணி அடிக்கச் சொல்லுங்கோ. கைபடாமல் செய்யச் சொல்லுங்கோ" என்று அக்கா சொல்லி அனுப்பினாராம். அன்றிரவு முழுக்க அவர் நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் இரவு சீலையை அவரே கட்டினார்.

எனக்கு இது பெரிய விடயமாகப் பட்டது. யுத்தம் முடிந்தது 2009 மே மாதம். வளவின் இரவு அக்காவுக்குத் திரும்பக் கிடைக்க அதற்குப் பிறகும் பதினொரு வருடம் எடுத்திருக்கிறது. "முன்னம் நாய் குரைச்சால் நெஞ்சு அடிக்கும். இப்ப, அங்கால போ, சீலையைக் கிழிச்சுப் போடாதை எண்டு கத்துறன்" என்று சிரித்தார். நித்திரை இப்போதும் குறைவுதான். ஆனால் விழித்திருக்கும் நேரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

மயிர்க்கொட்டி பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மயிர் பட்டுவிட்டால் தேய்க்க வேண்டாம். ஒட்டும் பிளாஸ்டரை அழுத்தி இழுத்தால் மயிர் வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே வைத்தியரிடம் போங்கள்.

பகலிலும் வளவு சும்மா இருப்பதில்லை. தேசி மரத்தில் சிறு சுள்ளிகளை அடுக்கிக் கட்டிய விறகுக் கட்டுப் போன்ற கூடுகள் தொங்கின. அதற்குள் ஒரு புழு. கூட்டை இழுத்துக்கொண்டே நகரும், தின்னும். இந்தக் கூடு பற்றி எமர்சன் டெனன்ற் எழுதியிருக்கிறார். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். முற்பிறப்பில் விறகு களவெடுத்தவர்கள்தான் இப்படிப் புழுவாகப் பிறந்து விறகு சுமக்கிறார்கள் என்று சிங்கள மக்கள் சொல்வதாக அவர் குறித்திருக்கிறார். முகாம்களில் இருந்தபோது அடுப்புக்கு விறகு தேடி நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், எங்களில் பாதிப் பேர் அடுத்த பிறப்பில் தேசி மரத்தில்தான்! இந்த இனங்கள் பலவற்றில் ஆணுக்குச் சிறகு முளைத்துப் பறந்து போய்விடும். பெண்ணுக்குச் சிறகே வராது. கூட்டுக்குள்ளேயே இருந்து முட்டையிட்டுச் செத்துப் போகும். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. "பூச்சியோட கோபிச்சு என்ன செய்ய" என்றார் அக்கா.

எங்கள் நாட்டு விட்டில்களை முதன்முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் வெள்ளைக்காரர் என்பார்கள். பிரெட்றிக் மூர் என்பவர் 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று பெரிய தொகுதிகளாக இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றி வெளியிட்டார். மூர் லண்டனில் வேலை பார்த்தவர். இங்கே பேராதனைப் பூங்காவில் இருந்துகொண்டு புழுவை வளர்த்து, கூடு கட்டுவதைப் பார்த்து, ஒவ்வொன்றையும் நிறம் பிசகாமல் வரைந்தவர்கள் வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்ற எம் நாட்டுச் சகோதரர்கள். பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவர்களைக் கொண்டு செய்வித்தார். புத்தகத்தின் அழகு அவர்களுடைய கை. பிறகு பிளெச்சர் என்ற கடற்படைக் கணக்கதிகாரி, இறகு போலச் சிறகு பிளந்த சின்ன விட்டில்களில் ஆசை வைத்து, இலங்கையில் உள்ளவற்றைப் பற்றி 1909இல் கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையில் எழுதினார். அந்த இறகுச் சிறகுப் பூச்சி ஒன்று மூன்றாம் இரவு எங்கள் சீலைக்கும் வந்தது. நுளம்பு என்று நினைத்து நான் அடிக்கக் கை ஓங்க, பெறாமகள் பதறிப் போனாள்.

விட்டில் என்றால் எல்லாம் அழகு என்று சொல்ல வரவில்லை. நிவாரண அரிசியிலும் மாவிலும் நூல் கட்டிக் கட்டி வருமே, அந்துப் பூச்சி, அதுவும் இந்தக் குடும்பம்தான். அரித்துப் புடைத்து வெயிலில் காயவைத்து, பிள்ளைகளுக்குத் தெரியாமல் சமைத்த நாட்கள் நினைவிருக்கும். 2018இல் எமது நாட்டுக்குள் வந்து சோளச் சேனைகளை அழித்த சேனாப் படைப்புழுவும் ஒரு விட்டிலின் பிள்ளைதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டு ஆபிரிக்கா, இந்தியா வழியாக வந்து சேர்ந்தது. தோடை, கொய்யாப் பழங்களில் இரவில் ஊசி குத்தியது போலத் துளை போட்டுச் சாறு குடிப்பதும் ஒரு பெரிய விட்டில். அதன் நாக்கு நுனி அரம் போல இருக்கும். புழுவாக இருக்கும்போது அது தின்பது சீந்தில் கொடி. அக்காவின் வேலியில் சீந்தில் அடர்ந்து கிடக்கிறது. கொய்யாப் பழம் வேண்டுமென்றால் சீந்திலை வெட்டு என்கிறார்கள் அயலவர். மருந்துக் கொடி, வெட்டமாட்டேன் என்கிறார் அக்கா. பழங்களுக்குக் கடதாசிப் பை கட்டியிருக்கிறார்.

நான் புறப்படும் நாள் காலை பக்கத்து வீட்டு மாமி துளை விழுந்த கத்தரிக்காய் நாலைந்தைச் சுளகில் கொண்டுவந்து கொட்டினார். "பிள்ளை, ஊர்ப் பூச்சியெல்லாம் படம் பிடிக்கிறாய். என்ர கத்தரியைத் திண்டு முடிக்கிறது ஆர் எண்டு ஒருக்காப் பிடிச்சுத் தா" என்றார். பெறாமகள் இரண்டு காயை எடுத்து ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு, அடியில் மண்ணும் காய்ந்த இலையும் இட்டு, வாயை நுளம்பு வலைத் துண்டால் கட்டினாள். மிச்சக் காய்களையும் வாடிய குருத்துகளையும் பிடுங்கி எரிக்கச் சொன்னாள். வளவில் எறிந்தால் அதே புழு திரும்ப வருமாம்.

பன்னிரண்டு நாள் கழித்து எனக்குப் படம் வந்தது. போத்தலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சின்னஞ்சிறிய வெள்ளை விட்டில். சிறகில் மண்ணிறமும் ரோசாவுமாகத் திட்டுகள். மாமிக்குக் காட்டினாளா என்று கேட்டேன். காட்டினாளாம். மாமி கண்ணாடியை எடுத்து மாட்டி, போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வடிவானதோ?" என்று கேட்டாராம்.